13 அங்குலப் போர்க்களம்

அஸ்ஸாமிலும் அதனை அடுத்த மாநிலங்களிலும் உத்தியோகத்தின் பொருட்டு வந்து வாழும் நம் சங்கத்து அன்பர்களுள் திமாப்பூர் இரயில் நிலையத்தை அறியாதார் இரார். கௌகாத்தியிலிருந்து திப்ருகட் நோக்கிச் செல்லும் வண்டி லம்டிங்கைத் தாண்டிய பின் அங்கே சற்று நேரம் நிற்கும். தேநீர் அருந்துவோர் அருந்துவர். அன்னாசிப் பழம் வாங்குவோர் வாங்குவர். வண்டி நகர்ந்ததும் ஊரை மறந்துவிடுவர். சரக்கு அலுவலகத்தில் அந்நிலையத்தின் பெயரை நாள்தோறும் ஏட்டில் எழுதிவரும் நாங்களும் பன்னிரண்டு ஆண்டுகளாக அவ்வண்ணமே கடந்து சென்றவர்கள்தாம். சென்ற மாசித் திங்களில் குடும்பத்தோடு அங்கே இறங்கி, 74 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறிக் கொஹிமாவைக் கண்டு வந்தோம். எங்களை அங்கே இறங்க வைத்தது கோயிலோ நீர்வீழ்ச்சியோ அன்று. ஒரு மேசை விளையாட்டு.

மேசைமேற் போர்

எங்கள் குடியிருப்பில் அலுவலகத் தோழர் ஒருவரின் மகன் கல்லூரியில் படிக்கிறான். சிறு பிராயம் முதலே கொலுவில் பூங்கா அமைப்பதில் அவனுக்கு ஆர்வம் மிகுதி. கேழ்வரகு முளையில் வயலும், கண்ணாடித் துண்டில் குளமும், தீப்பெட்டிகளில் இரயில் நிலையமும் செய்து வந்தவன், வளர்ந்த பின் வேறொரு கலையில் புகுந்தான். ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பிளாஸ்டிக் போர்வீரர்களை வருவித்து, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்டி, தெர்மாகோல் மலைகளின்மேல் நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவதே அக்கலை.

இது குழந்தைகள் ஆட்டம் என்று எண்ணிவிடலாகாது. நம் நாட்டுச் சதுரங்கமே யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய போர் விளையாட்டுத்தானே! பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் அதனை நிலப்படத்தின்மேல் ஆடும் பயிற்சியாக வளர்த்தனர். மகன் 1824இல் வெளியிட்ட விதிகளை அந்நாட்டுச் சேனையே ஏற்றுக்கொண்டது. அவ்விதிகளில் நடுவர் ஒருவர் உண்டு. எதிரி எங்கே நிற்கிறான் என்பதை ஒற்றர் கண்டறிந்த அளவுக்கு மேல் அவர் எவருக்கும் சொல்லமாட்டார். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சிகளை எய்து ஆடும் விதிகளை ஒரு சிறு நூலாக்கினார். உண்மைப் போரைவிட இந்தப் பொம்மைப் போரே மேல் என்று அந்நூலின் முடிவில் அவர் வாதாடினார். மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. 1959இல் ஏர்பிக்ஸ் நிறுவனம் மலிவான சிறு பிளாஸ்டிக் வீரர்களைப் பெட்டி பெட்டியாக விற்கத் தொடங்கிய பிறகு, இவ்வாட்டம் பல நாடுகளில் சாமானியர் வீட்டு மேசைக்கும் வந்து சேர்ந்தது.

சதுரங்கத்தில் காலாள் முதலில் வெட்டுப்படுகிறவன். இக்காலத்துப் போரை ஆடும் மேசைகளிலோ காலாளே எல்லாம். பத்துப் பேர் கொண்ட ஓர் அணி, அதற்கு ஓர் இயந்திரத் துப்பாக்கி, ஒரு தலைவன். இத்தகைய மூன்று நான்கு அணிகளே ஒரு படை. வீரன் நடப்பதையும் சுடுவதையும் அங்குலக் கோலால் அளப்பார்கள். குண்டு பட்டதா என்பதைப் பகடை சொல்லும். சுடப்பட்ட அணி அச்சத்தால் தரையோடு பதுங்கிவிட்டால், மறுபடி எழச் சொல்லும் கட்டளைக்கு அது பணியுமா என்பதற்கும் பகடை உருட்ட வேண்டும். 2012இல் வெளிவந்து இன்று பரவலாக ஆடப்படும் போல்ட் ஆக்சன் என்னும் விதியில், இரு தரப்புப் பகடைகளையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி, கண்ணால் காணாமல் ஒன்றை எடுக்கிறார்கள். யாருடைய பகடை வருகிறதோ அவர் ஓர் அணிக்குக் கட்டளை இடலாம். அடுத்த கணம் யாருக்கு உரியது என்பது ஒருவருக்கும் தெரியாது. தாயமும் ஆடு புலி ஆட்டமும் ஆடி வளர்ந்த நமக்கு இது விளங்காத பொருள் அன்று.

ஓர் ஆட்சேபம்

நிற்க. சென்ற பொங்கல் விழாவின்போது அம்மாணவன் தான் செய்த கொஹிமாப் பலகையைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து காட்டினான். நவராத்திரிக் கண்காட்சியில் அதற்கு இடம் தரவேண்டும் என்றும் விண்ணப்பித்துக் கொண்டான். குழந்தைகள் சூழ்ந்து நின்று வியந்தார்கள். ஆனால் இராணுவக் கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் முகம் சுளித்தார்.

"கொலு வைக்கும் இடத்தில் செத்தவனையா கொண்டுவந்து வைப்பது? நீ பகடை உருட்டிச் சாய்க்கிற ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு தாய் இருந்தாள், தம்பி" என்றார்.

தாய்மார் பலரும் அவர் பக்கமே பேசினர். எங்கள் இல்லத்தரசியும் அவர்களுள் ஒருவர். எங்கள் மகனுக்கு வயது பத்து. அம்மாணவனுக்கு அவன் முதற் சீடன். போரை விளையாட்டாகக் கற்ற பிள்ளை உயிரையும் விளையாட்டாக எண்ணிவிடுவானோ என்பது அவர் கவலை. இரயில்வே பயிற்சிப் பள்ளிகளில் மாதிரிப் பாதை அமைத்து, கைகாட்டி தவறினால் இரண்டு வண்டிகள் மோதும் விதத்தைக் காட்டுவார்கள். மோதலைக் காட்டுவது மோதாமல் இருக்கும் பொருட்டே என்று நாங்கள் எடுத்துச் சொன்னோம். "அங்கே வண்டியைக் காப்பாற்றினால் மதிப்பெண், இங்கே ஆளைக் கொன்றால் மதிப்பெண்" என்று அவர் திருப்பிச் சொன்னார். அதற்கு எங்களிடம் விடை இல்லை.

மாணவன் சினம் கொள்ளவில்லை. "தாத்தா, இது நம் இரயில் பாதைக்காக நடந்த போர். மற்றைப் பலகைகளில் சொல்லும் பொய் இதில் இல்லை" என்றான். அது என்ன பொய் என்று கேட்டோம். அவன் விளக்கியதை இங்கே தருகிறோம்.

அவனுடைய வீரர்கள் 1/72 அளவினர். அதாவது உண்மையில் 72 அங்குலம் உள்ளது பலகையில் ஓர் அங்குலம். ஆறடி நீளமும் நாலடி அகலமும் உள்ள மேசை இக்கணக்கில் 144 கெஜ நீளமும் 96 கெஜ அகலமும் உள்ள நிலமாகும். துப்பாக்கியோ 300 கெஜத்துக்கு அப்பாலும் ஆளை வீழ்த்தும். அத்தூரத்தை உள்ளபடி காட்டினால் 150 அங்குலம், பன்னிரண்டரை அடி. குண்டு மேசையைத் தாண்டி அடுக்களையில் போய் விழும். ஆகவே விதி செய்வோர் தூரத்தைச் சுருக்கிவிடுகின்றனர். மேலே சொன்ன விதியில் துப்பாக்கியின் எல்லை 24 அங்குலமே. அவன் பலகைக் கணக்கில் இது வெறும் 48 கெஜம். ஆள் ஓர் அளவு, நிலம் வேறோர் அளவு. ஆட்டம் நடக்கவேண்டி எல்லாரும் ஒப்புக்கொண்ட பொய் இது.

கொஹிமாவின் டென்னிஸ் ஆட்டக்களத்திலோ அப்பொய் தேவையில்லை. டென்னிஸ் களம் 78 அடி நீளம், 36 அடி அகலம். 72ஆல் வகுத்தால் சரியாக 13 அங்குலம், 6 அங்குலம். எங்கள் அலுவலகப் பேரேட்டை விரித்தால் அதற்குள் அடங்கிவிடும். இரண்டு சேனைகள் நாட்கணக்கில் எதிரெதிரே குழி பறித்துக் கிடந்த இடம் அவ்வளவுதான்.

பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முதலில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்த பின்னும் வைக்க வேண்டும் என்று தோன்றினால் வையுங்கள்" என்றார். பயணம் இவ்வாறு முடிவாயிற்று.

மணிப்பூர் ரோடு

நாகாலாந்துக்குள் செல்லப் பிற மாநிலத்தார் உள்நாட்டு நுழைவு அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும். அதனைப் பெற்றுக்கொண்டு மாணவனும் எங்கள் குடும்பமுமாக நால்வர் புறப்பட்டோம். திமாப்பூரில் இறங்கியதும் மாணவன் கேட்ட முதற் கேள்வி, "இவ்வளவு சிறிய நிலையத்துக்காகவா ஒரு சேனை வந்தது, மாமா?" என்பது. இதற்கு விடை சொல்ல இரயில்வே குமாஸ்தாவுக்குத் தகுதி உண்டு.

போர்க்காலத்தில் இந்நிலையத்துக்கு மணிப்பூர் ரோடு என்று பெயர். பர்மா எல்லையில் நின்ற சேனைக்கு வேண்டிய அரிசியும் மருந்தும் வெடிமருந்தும் மீட்டர் கேஜ் பாதையில் இங்கேதான் வந்து இறங்கின. அந்நாளில் பிரம்மபுத்திராவுக்குப் பாலம் இல்லை. அமீன்கானில் சரக்குப் பெட்டிகளைப் படகில் ஏற்றி, எதிர்க்கரையான பாண்டுவில் இறக்குவார்கள். சராய்காட் பாலம் 1962இல்தான் திறக்கப்பட்டது. சரக்கு தேங்கியதால் 1944 மார்ச் 1 முதல் இப்பாதையின் பெரும் பகுதியை அமெரிக்க இரயில்வே படையினரே நடத்தினர். திமாப்பூரில் 11 மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் கொண்ட பண்டகசாலை விரிந்து கிடந்தது. அது வீழ்ந்தால் அஸ்ஸாம் பள்ளத்தாக்கும் இரயில் பாதையும் உடன் வீழும். ஜெனரல் கொட்டோகு சாட்டோவின் தலைமையில் ஜப்பானியரின் 31ஆம் டிவிஷன் மலைகளைக் கடந்து வந்தது. அவர்களுக்கும் திமாப்பூருக்கும் இடையே நின்ற மலையூர் கொஹிமா.

வாடகை வண்டியில் ஏறினோம். மூங்கிற் காடுகளையும் படிக்கட்டு வயல்களையும் கடந்து பாதை சுழன்று சுழன்று ஏறுகிறது. சுப்சா என்னும் ஊரைத் தாண்டும்போது, முற்றுகையை நீக்க வந்த சேனையை ஜப்பானியர் மறித்த இடம் இதுதான் என்று மாணவன் சொன்னான். அடுத்து ஜோட்சோமா. அங்கிருந்த பீரங்கிகள் பள்ளத்தாக்கைக் கடந்து குண்டு வீசிக் கொஹிமாக் காவலர்க்குத் துணை நின்றன. ஓட்டுநர் அங்காமி நாகர். இந்தியில் தெளிவாகப் பேசினார். மாணவன் தன் பலகையின் புகைப்படத்தை அவரிடம் நீட்டினான். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"மலை இருக்கிறது, சாலை இருக்கிறது, ஜப்பானியன் இருக்கிறான், வெள்ளைக்காரன் இருக்கிறான். எங்கள் ஊர் எங்கே?" என்று கேட்டார்.

மாணவனிடம் மறுமொழி இல்லை. அவன் வாங்கிய பெட்டிகளில் நாகர் உருவம் ஒன்றும் இருக்கவில்லை. ஓட்டுநரின் பாட்டி அவ்வாண்டில் சிறுமியாம். காட்டுக்குள் ஓடிப் பிழைத்துத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் சாம்பல் இருந்ததாம். போரில் கொஹிமாக் கிராமம் பெரும்பாலும் அழிந்தது. அப்போரில் வழிகாட்டியாகச் சென்றவர்களும், வெடிமருந்து சுமந்தவர்களும், காயமுற்றோரைத் தூக்கி மலையிறக்கியவர்களும் நாகர்கள்.

ஆட்டக்களம்

போர்வீரர் இடுகாடு ஊரின் நடுவே, ஒரு குன்றின் சரிவில் படிப்படியாக அமைந்திருக்கிறது. எங்கள் இல்லத்தரசி நுழைந்ததும், "கொலுப் படி போல இருக்கிறதே" என்றார். பின்னர் வாயடைத்து நின்றார். ஒவ்வொரு படியிலும் வரிசை வரிசையாகச் சிறு கல்லறைகள். ஒவ்வொன்றிலும் பெயரும் வயதும். இங்கே அடக்கம் செய்யப்பட்ட போர்வீரர் 1,420 பேர். குன்றின் உச்சியில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

நடுப் படியொன்றில் டென்னிஸ் களம். அந்நாளில் துணை ஆணையராயிருந்த சார்ல்ஸ் பாஸி என்பவரின் பங்களாத் தோட்டத்துக் களம் அது. பங்களா போரில் தரைமட்டமாயிற்று. களத்தின் எல்லைகள் மட்டும் வெண்ணிறக் கான்கிரீட் கோடுகளாக இன்றும் உள்ளன. கோட்டை ஒட்டி மெல்ல நடந்தோம். எங்கள் மகன் எண்ணிக்கொண்டே வந்தான். அவன் சிற்றடிக்கு நாற்பத்தைந்தில் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. "அவ்வளவுதானா அப்பா?" என்று கேட்டான்.

அவ்வளவுதான். 26 கெஜம். கைக்குண்டை நின்ற இடத்திலிருந்தே எதிரியின் குழிக்குள் எறியலாம். 1944 ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கிய முற்றுகையில் ஏறத்தாழ 1,500 போர்வீரரும் ஆயிரம் பிற பணியாளரும் இக்குன்றைக் காத்தனர். ராயல் வெஸ்ட் கென்ட் படையினரும், அஸ்ஸாம் ரெஜிமெண்டினரும், அஸ்ஸாம் ரைபிள்ஸ் வீரரும் அவர்களுள் முக்கியமானவர்கள். சூழ்ந்த ஜப்பானியரோ பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். காவல் எல்லை நாளுக்கு நாள் சுருங்கி, முடிவில் 350 மீட்டர் சதுரமாயிற்று. மாணவனின் கணக்கில் அது பக்கத்துக்குப் பதினாறடி; நம் சங்கக் கூடத்துக்குள் அடங்கும். ஏப்ரல் 18இல் முதல் உதவி வந்தது. 20இல் களைத்த வீரர்கள் மாற்றப்பட்டார்கள். ஆயினும் டென்னிஸ் களம் மே 13 வரை மீளவில்லை. அன்று மேற்சரிவிலிருந்து ஒரு டாங்கியை இக்களத்துக்குள் இறக்கி, பதுங்கு குழிகளை மிக அருகிலிருந்து சுட்டுத் தகர்த்த பின்னரே டார்செட்ஷயர் படையினர் இதனைக் கைப்பற்றினர். ஜூன் 22 அன்று இம்பால் சாலையின் 109ஆம் மைற்கல்லில் இரு பக்கத்துச் சேனைகளும் சந்தித்தபோது போர் ஓய்ந்தது. பிரிட்டிஷ் இந்தியத் தரப்பில் இறந்தும் காயமுற்றும் காணாமலும் போனவர் ஏறக்குறைய 4,000. ஜப்பானியர் தரப்பில் 5,000க்கு மேல்.

களத்தின் ஓரத்தில் ஒரு செர்ரி மரம் நிற்கிறது. ஜப்பானியர் மறைந்திருந்து சுட்ட பழைய மரம் போரில் அழிந்தது; அதன் அடிக்கட்டையிலிருந்து தழைத்தது இது என்று பலகையில் எழுதியிருக்கிறது.

பலகையில் இல்லாதவை

மாணவன் களத்தின் விளிம்பில் குந்தி, கண்ணைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தான். பிறகு எங்களையும் பார்க்கச் சொன்னான். எதிர்க்கோடு தெரியவில்லை. அடுத்த படியின் மேடும் ஒரு புல்விளிம்பும் மட்டுமே தெரிந்தன. "மேசையில் நான் எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கிறேன், அத்தை. இங்கே கிடந்தவன் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டான்" என்றான். அளவில் பொய் இல்லை என்று சொன்னவன், பார்வையில் உள்ள பொய்யைத் தானே கண்டுகொண்டான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிரஷ்யர்கள் ஒரு நடுவரை வைத்து எதிரியை மறைத்த காரணம் எங்களுக்கு அங்கேதான் விளங்கிற்று.

மற்றொன்று தண்ணீர். முற்றுகையின்போது காவலரின் நீர்நிலைகள் எதிரி வசமாயின. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பைண்டுக்கும் குறைவான தண்ணீரே கிடைத்தது. விமானம் எறிந்த தண்ணீர்க் கலங்களுள் பல எதிரியிடம் விழுந்தன. பங்களாவின் அருகே ஒரு சிறு ஊற்றைக் கண்டுபிடித்தார்கள்; இரவில் மட்டுமே, ஓசையின்றிச் சென்று அதில் முகந்து வரலாம். ஜப்பானியர்க்கோ சோறு இல்லை. மூன்று வார உணவோடு வந்தவர்கள் இரண்டு மாதம் போரிட்டார்கள். பின்னால் இரயிலும் இல்லை, சாலையும் இல்லை. முடிவில் சாட்டோ மேலிடத்துக் கட்டளையை மீறித் தம் வீரரைப் பின்வாங்கச் செய்தார். அதற்காகப் பதவியும் இழந்தார். அவர்களுள் பலரைக் கொன்றது குண்டு அன்று; பசியும் நோயும். சரக்கு ஏட்டில் வாழ்நாளைக் கழிப்பவர்க்கு இது நெஞ்சில் தைக்கும் செய்தி. ஒரு வண்டி அரிசி வரவில்லை என்று நாங்கள் எழுதும் ஒற்றை வரியின் மறுமுனையில் இத்தகைய மலை ஒன்று இருக்கக்கூடும்.

உச்சியிலுள்ள நினைவுச் சின்னத்தின் முன் எங்கள் இல்லத்தரசி நெடுநேரம் நின்றார். இறங்கும்போது, "பிள்ளை ஆடட்டும். ஆனால் இவ்வளவும் தெரிந்து ஆடட்டும்" என்று மட்டும் சொன்னார்.

நவராத்திரிக் கண்காட்சி

திரும்பி வந்தபின் மாணவன் பலகையை மாற்றி அமைத்தான். மேற்புறத்தில் நாகர் கிராமம் ஒன்று எழுந்தது. மூங்கிற் சீவலால் வீடுகள் வேய்ந்தான். பிற பொம்மைகளின் கையிலிருந்த துப்பாக்கியைச் செதுக்கி எடுத்து, தோளில் போர்வையும் முதுகில் கூடையும் சேர்த்து, சுமைகாரரான நாகர்களைச் செய்தான். விதியையும் மாற்றினான். எத்தனை பேரை வீழ்த்தினாய் என்பது இப்போது கணக்கில் இல்லை. இரவில் ஆறு பேர் ஊற்றுக்கு இறங்கி, தண்ணீர் முகந்து, குன்றின்மேல் உள்ள காயமுற்றோரிடம் சேர்க்கவேண்டும். எதிரியின் குழிகள் எங்கே உள்ளன என்பதை நடுவர் மட்டுமே அறிவார். எத்தனை கலம் மேலே வந்து சேர்ந்தது என்பதே வெற்றி.

செயற்குழு கூடிப் பேசியது. கொலுக் கூடத்தில் வேண்டாம், நூல்நிலைய அறையில் வைக்கலாம். ஒன்பது நாளும் காட்சி மட்டும், பத்தாம் நாள் ஆட்டம் என்று முடிவாயிற்று. பத்தாம் நாள் அந்தப் பெரியவர் வந்தார். நடுவராக இருக்கும்படி எங்களைப் பணித்துவிட்டு, தாமே தண்ணீர்க்காரரின் பக்கம் அமர்ந்தார். எதிரே எங்கள் மகன். ஒவ்வொரு ஆளையும் நகர்த்துமுன் பெரியவர் வெகுநேரம் யோசித்தார். ஆறு கலங்களில் மூன்று மேலே சேர்ந்தன. "மற்ற மூவர்?" என்று எங்கள் மகன் கேட்டான். சாய்ந்து கிடந்த மூன்று பொம்மைகளையும் பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, பெட்டியில் வைத்தார். "மறுபடி ஆடுவோமா?" என்றும் அவரே கேட்டார்.

கொஹிமா செல்ல விரும்பும் அன்பர்கள் ஐப்பசி முதல் பங்குனி வரை செல்லலாம். மழைக்காலத்தில் மலைச்சரிவு விழுந்து சாலை தடைப்படும். அனுமதிச் சீட்டை முன்கூட்டியே பெறுவது நலம். கம்பளி உடையும் வேண்டும். ஊர் 1,400 மீட்டருக்கு மேல் உள்ளது. பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிசாமாவில் போர் அருங்காட்சியகம் ஒன்றும் உண்டு. குழந்தைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். டென்னிஸ் களத்தின் கோட்டை ஒட்டி அவர்களை ஒருமுறை நடக்கவிட்டு, எத்தனை அடி என்று எண்ணச் சொல்லுங்கள்.